வெள்ளையாகத் தெரிந்த புகை

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தெய்வநாயகம், எந்த வண்டி வந்தாலும் முதலில் அதன் பின்பக்கம் போய்த்தான் நிற்பார். வண்டிக்காரர் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, சத்தம் எங்கே வருகிறது, எந்த மேட்டில் இழுக்க மறுக்கிறது என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருப்பார். இவர் காதில் அது ஏறவே ஏறாது. சைலன்ஸர் குழாய்க்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, "ஸ்டார்ட் பண்ணு... மிதி... இன்னும் மிதி... போதும் வுடு" என்பார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொள்ளும்போது தீர்ப்பு தயாராக இருக்கும்.

புகை கருப்பாக வந்தால் பெட்ரோலோ டீசலோ தேவைக்கு மேல் எரிகிறது, வெள்ளையாக வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்பது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்ததுதான். ஆனால் புகை அப்படி ஒரே நிறத்தில் வந்து நிற்பதில்லை. கருப்பில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும். வெள்ளை வெயிலில் ஒரு மாதிரியும் மூட்டத்தில் ஒரு மாதிரியும் தெரியும். அந்த இரண்டுங்கெட்டான் நிறங்களைப் பிரித்துச் சொல்வதில்தான் தெய்வநாயகத்தின் பெயர் இருந்தது. கடலூர் ஜில்லா மங்களூர்ப் பக்கத்து டிராக்டர்காரர்களிலிருந்து சேலம் ரோட்டு லாரிக்காரர்கள் வரை, "நாயகத்துக்கிட்ட ஒரு தடவ புகையக் காட்டிட்டு வந்துடு" என்று சொல்லியனுப்புவார்கள்.

சட்டி பானையும் ஓடும் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். அண்ணனும் தம்பியும் செராமிக் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்தபோது இவர் மட்டும் கடலூர் லாரி ஷெட்டுக்குப் போய்த் தொழில் பழகிக்கொண்டு வந்தார். "சூளைப் புகையில கண்ணத் தொறந்தவன் நானு. புகையப் பத்தி எனக்கு யாரு சொல்லணும்?" என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஐம்பத்தைந்தை நெருங்கும் வயதில் இன்னொரு பெருமையும் சேர்ந்துகொண்டது. இரண்டு வருடங்களாகப் பேப்பர் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. முன்பு போட்டுக்கொண்டிருந்த வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, "எல்லாருக்கும் வயசானா கண்ணு மங்கும். எனக்குத் தெளியுது பாரு" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, பெண்ணாடத்திலிருந்து கயல்விழி என்ற பெண் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். கார் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைவதற்கு முன்பே அதன் உறுமல் நுழைந்துவிட்டது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கயல்விழிக்கு முப்பதுக்குள் இருக்கும். அப்பாவுக்கு முதுகு முடியாமல் போனதிலிருந்து கரும்புத் தோட்டத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆளைப் பிடித்து வெட்டு வைப்பது, லோடு ஏற்றி மில்லுக்கு அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்கு என்று இருந்த ஒரே ஆசை இந்தக் கார். கோயம்புத்தூரில் ஒருவர் தன் ரசனைக்கு மாற்றியமைத்து ஓட்டிக்கொண்டிருந்ததை வாங்கி வந்திருந்தாள். கம்பெனி வைத்த டர்போவைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய டர்போ, அகலமான சைலன்ஸர் குழாய், கம்ப்யூட்டரில் செட்டிங் மாற்றிய என்ஜின். கால் வைத்தால் பறக்கும். ஊரில் யார் என்ன சொன்னாலும் அவள் காதில் வாங்கிக்கொண்டதில்லை. ஆனால் இப்போது கார் புகை கக்க ஆரம்பித்ததும், "பெண்ணாடம் மில்லுக்குப் போட்டியா இன்னொரு சிம்னி வந்திருக்குது" என்று அப்பாவே கிண்டல் செய்துவிட்டு, விற்றுவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீலமாப் புகை வருதுண்ணே. கோயம்புத்தூருக்குப் போன் பண்ணிக் கேட்டா டர்போவையே மாத்தணும்ங்கறாங்க. அதான் உங்ககிட்ட ஒரு தடவ காட்டிடலாம்னு வந்தேன்" என்றாள்.

"கலர நான் பாத்துச் சொல்றம்மா. நீ ஸ்டார்ட் பண்ணு."

அவர் பின்னால் போய் உட்கார்ந்தார். அகலமான குழாயிலிருந்து புகை சோம்பலாகக் கிளம்பி, அவர் முழங்கால் உயரத்துக்கு வந்து கலைந்தது. மிதிக்கச் சொன்னார். விடச் சொன்னார். எழுந்தார்.

"வெள்ளை. ஹெட் கேஸ்கெட் போயிருக்குது. தண்ணி உள்ள எறங்குது."

கயல்விழி காரிலிருந்து இறங்கிப் பின்னால் வந்து பார்த்தாள். "நீலமால்ல இருக்குது? ஆயிலும் கொறையுதுண்ணே. நான் வாரா வாரம் பாக்கறேன்."

தெய்வநாயகம் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் தண்ணீர் டப்பாவைக் காட்டினார். கோட்டுக்குக் கீழே இருந்தது. "தண்ணியும்தான் கொறஞ்சிருக்குது. கேஸ்கெட் போனா ரெண்டும் கொறையும்."

"இருந்தாலும் அந்தக் கலரு..."

"பாப்பா, நான் புகை பாக்க ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்ல. இது உனக்கு நீலமாத் தெரிஞ்சா, வண்டிய இங்க வுட்டுட்டு நேராப் போய் ஒரு கண் டாக்டரப் பாரு."

பக்கத்தில் நின்ற உதவியாள் பாவாடை சிரித்தான். நாற்பது வயதுக்காரன். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெய்வநாயகத்தோடு வேலை பார்க்கிறவன். அவர் எதையாவது சொல்லி நிறுத்தினால் சிரிக்க வேண்டும் என்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. கயல்விழி சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய், சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனாள்.

என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார்கள். அதற்கடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் தகட்டை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் தெய்வநாயகம். எங்கும் எரியவில்லை, கிழியவில்லை. விரலால் விளிம்பு முழுக்கத் தடவினார். புதுசு மாதிரி இருந்தது. மனதுக்குள் ஏதோ இடறியது. ஆனால் அவர், "கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும்" என்று பாவாடையிடம் சொன்னார். அவனும் "இருக்கும்ண்ணே" என்றான். ரேடியேட்டருக்கு அடியில் ஒரு ஓஸ் கிளிப் தளர்ந்து தண்ணீர் கசிந்து காய்ந்த தடம் இருந்ததைப் பாவாடைதான் பார்த்து இறுக்கினான். தண்ணீர் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று இரண்டு பேருக்குமே அப்போது தோன்றியது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

புதுக் கேஸ்கெட் போட்டு, எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்தபோது புகை முன்பு வந்தபடியே வந்தது.

கயல்விழி வந்து பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று தெய்வநாயகம் எதிர்பார்த்தார். போட்டிருந்தால் இவரும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பார். அவள் பின்னால் நின்று புகையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேன்" என்றாள். "ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறேன். கோயம்புத்தூருக்கே அனுப்பிடறேன்." அவ்வளவுதான். போய்விட்டாள்.

சாயங்காலம் கடை சாத்துவதற்கு முன் தெய்வநாயகம் காரை மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். பாவாடையைக் கூப்பிட்டார்.

"என்னா கலருடா இது?"

பாவாடை கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"கேக்கறேன்ல?"

"நீலம்தாண்ணே."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் நீலம்தான்."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க வெள்ளன்னீங்க" என்றான் பாவாடை. அதில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னான்.

தெய்வநாயகம் குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். சாம்பல் கலந்த வெள்ளை. எப்படிப் பார்த்தாலும் அதுதான் தெரிந்தது.

அன்று வீட்டுக்கு நடந்தே போனார். பைக்கை எடுக்கவில்லை. எதிரே வருகிற வண்டிகளின் லைட் சமீபகாலமாக உடைந்த கண்ணாடி மாதிரி சிதறித் தெரிகிறது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ரோட்டில் தூசி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி சிந்தாமணி செராமிக் பொம்மை செய்கிற யூனிட் ஒன்றில் கலர் தீட்டும் வேலை பார்க்கிறாள். பிள்ளையார், கிருஷ்ணர், மயில், தலையாட்டும் செட்டியார் என்று எது வந்தாலும் கண்ணும் புருவமும் அவள் கையில்தான். இவர் முகத்தைப் பார்த்ததுமே, "ஏங்க, என்னா ஆச்சு?" என்றாள். சொல்ல மாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

சிந்தாமணி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போனாள். மூக்கு உடைந்தது, கை பெயர்ந்தது என்று கழித்துப் போட்டதில் கொஞ்சம் பொம்மைகளை அவள் வீட்டுக்கு எடுத்து வந்து அட்டைப் பெட்டியில் வைத்திருப்பது வழக்கம். அதிலிருந்து சிலவற்றை எடுத்து வந்து டியூப் லைட்டுக்குக் கீழே மேஜைமேல் வரிசையாக நிறுத்தினாள்.

"இது என்னா கலரு, சொல்லுங்க."

"வெள்ளை."

"இது?"

"வெள்ளைதான். கொஞ்சம் அழுக்கு வெள்ளை."

"இது?"

"சாம்பல். அந்தக் கடைசில இருக்கறது கருப்பு. ஏன், சரியாத்தான சொல்றேன்?"

சிந்தாமணி அந்தப் பொம்மைகளை ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு மெதுவாக, "எல்லாமே கிருஷ்ணருங்க" என்றாள். "எல்லாமே நீலம். இது லேசு, இது அதவிட ஒரு மாத்துக் கூட, இது நல்ல கெட்டி நீலம்."

தெய்வநாயகம் ஒரு பொம்மையைக் கையில் எடுத்தார். உருவத்தைத் தடவினால் புல்லாங்குழல் தெரிந்தது, கொண்டை தெரிந்தது. நீலம்தான் எங்கே போனது என்று தெரியவில்லை.

"போன தீபாவளிக்கு எடுத்த பொடவையக் கட்டிக்கிட்டு வந்து நின்னப்ப, என்னா சாம்பக் கலருல எடுத்திருக்கறன்னீங்க" என்றாள் சிந்தாமணி. "வேணும்னே சொல்றீங்கன்னு நெனச்சேன். எவ்ளோ நாளு மனசுக்குள்ள வச்சிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? ஒரு வார்த்த நானாவது கேட்டிருக்கணும்."

அவர் பொம்மையைக் கீழே வைத்தார். "புகை பாக்கறவன் கண்ணு போச்சுன்னா அப்பறம் என்னாத்துக்குக் கடை? யாருகிட்டயும் சொல்லாத சிந்தா. பாவாடகிட்டயும் சொல்லாத."

"பாவாடைக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் அவள்.

மறுநாள் யூனிட்டுக்கு லீவு சொல்லிவிட்டு அவளே அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்து, அந்த டாக்டரம்மா கருவியில் தாடையை வைக்கச் சொல்லி இரண்டு கண்ணையும் நிதானமாகப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்குதுங்க. வலது கண்ணுல நல்லா முத்திப்போச்சு."

"இல்லீங்களே டாக்டர், கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கறேனே?" என்றார் தெய்வநாயகம், கடைசிப் பிடியைப் பிடித்துக்கொள்கிறவர் மாதிரி.

"அதுவே இந்தப் புரையாலதாங்க. கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் தடிச்சுப் போறப்ப கொஞ்ச காலத்துக்குக் கிட்டத்துப் பார்வை தெளிஞ்ச மாதிரி இருக்கும். நெறைய பேரு அதுல ஏமாந்துடறாங்க. லென்ஸு பழுத்து மஞ்சளாயிடுச்சு. மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டு நீலத்தப் பாத்தா எப்படித் தெரியும்?"

"சாம்பலா" என்றாள் சிந்தாமணி, கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டது போல.

"அதேதான். ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடும். பயப்பட ஒண்ணுமில்ல."

தேதி கொடுத்தார்கள். வெளியே வந்து வெயிலுக்குக் கண் கூசி மரத்தடியில் நின்றபோது, தெய்வநாயகம் நிம்மதிப்படாமல் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வருவாள். சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். எதுவும் சொல்லாமல் கொடுத்துவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கயல்விழி வந்தபோது சாவி அவர் கையிலேயே இருந்தது. நீட்டவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நீ சொன்னதுதான் சரி. அது நீலம். எனக்குத்தான் கண்ணுல புரை. நீலம் தெரியாமப் போயிருக்குது. டாக்டரம்மா சொன்னாங்க. அன்னைக்கு உன்னப் போய்க் கண்ணு டெஸ்ட் பண்ணச் சொன்னேன் பாரு... அது ரொம்பத் தப்பு."

கயல்விழி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "கேஸ்கெட் போனா போவுதுண்ணே. ஆனா அன்னைக்கு ஆளுங்க முன்னாடி சொன்னீங்க, இவரும் சிரிச்சாரு. அது எனக்கு ஆறவே இல்ல. பஸ்ஸுல அழுதுக்கிட்டே போனேன்."

பாவாடை தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்புதாம்மா" என்றார் தெய்வநாயகம் மறுபடியும். வேறு எதையும் அதோடு சேர்த்துச் சொல்லவில்லை.

அவள் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "எங்க அப்பாவுக்கும் புரை ஆபரேஷன் நடந்தது. இப்ப என் மூஞ்சியில பரு இருக்கறதக்கூட எண்ணிச் சொல்றாரு" என்றாள். பிறகு, "டர்போ மாத்தினா இது நிச்சயமா நிக்குமாண்ணே?" என்று கேட்டாள்.

"புகை எப்ப வருதுன்னு தெரியாம சொல்ல முடியாது. இந்தத் தடவ நான் கலரப் பாக்கப்போறதில்ல. பாக்கறவங்க சொல்லட்டும், நான் கேக்கறேன்."

இப்படித்தான் அன்று பெண்ணாடம் ரோட்டில் ஒரு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கயல்விழி காரை ஓட்ட, பக்கத்தில் தெய்வநாயகம். பின்னால் பாவாடையின் பைக். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்பதால், நிறத்தைப் பார்ப்பதற்கு, வீட்டிலிருந்து வரவழைத்த சிந்தாமணி பைக்கின் பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, போனைக் காதோடு சேர்த்து முந்தானையால் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் குரல் காருக்குள் ஸ்பீக்கரில் கேட்டது.

"காலைல மொத ஸ்டார்ட்ல புகை வருமா?" என்று தெய்வநாயகம் கேட்டார்.

"வராதுண்ணே. நான் கவனிச்சிருக்கேன்" என்றாள் கயல்விழி.

"சரி, இப்ப நல்லா மிதி."

கார் சீறிக்கொண்டு போனது. பின்னாலிருந்து, "ஏங்க, மெதுவாப் போகச் சொல்லுங்க, பாவாடையால புடிக்க முடியல!" என்று சிந்தாமணியின் குரல் வந்தது. "கலரு ஒண்ணும் இல்லீங்க. கருப்பு மாதிரி துளி வந்துச்சு, போயிடுச்சு."

"கால எடு. அப்படியே உருளட்டும். மறுபடி மிதி. இப்ப?"

"இப்பவும் இல்லீங்க."

தெய்வநாயகம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுத்தி மிதிக்கும்போது வரவில்லை என்றால் பிஸ்டன் ரிங் தேயவில்லை. காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது வரவில்லை, காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் இல்லை என்றால் வால்வு சீல் நன்றாக இருக்கிறது. அப்படியானால் ஆயில் எங்கிருந்து வருகிறது?

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கார் வரிசையில் போய் நின்றது. சரக்கு ரயில் ஒன்று அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப வருதுங்க" என்றது ஸ்பீக்கர். "மொதல்ல நூலு மாதிரி... கூடுது... நல்லாவே கூடுதுங்க. மயில் கழுத்துக்கு வைக்கற நீலத்துல நெறையத் தண்ணி ஊத்தினா வருமே, அந்தக் கலரு."

தெய்வநாயகம் கண்ணைத் திறந்தார். அவர் இத்தனை வருடத்தில் புகையை யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

கேட் திறந்தது. கயல்விழி காரைக் கிளப்பினாள்.

"ஐயையோ! ஒரே நீலங்க! எனக்குப் பின்னாடி நின்ன பஸ்ஸே தெரியல! டிரைவரு திட்டறாருங்க!"

"திட்டட்டும்" என்றார் தெய்வநாயகம். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "வண்டியத் திருப்பும்மா. கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்ல மாட்டேன். எங்க தேடணும்னு தெரிஞ்சிடுச்சு."

ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் ஆறும்வரை காத்திருந்து டர்போவுக்குப் போகிற குழாயைக் கழற்றினார். டர்போ என்பது, வெளியே போகிற புகையின் வேகத்தாலேயே சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற ஒரு விசிறி. அது சுழல்கிற தண்டுக்கு ஆயில் மேலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக வரும். வேலை முடித்த ஆயில் கீழே ஒரு தடித்த ஓஸ் வழியாகத் தானாகவே வடிந்து என்ஜினுக்குத் திரும்ப வேண்டும். தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார் தெய்வநாயகம். ஆட்டம் இல்லை.

"டர்போவுக்கு ஒண்ணும் இல்ல. மாத்தியிருந்தா புதுசும் இப்படித்தான் புகைஞ்சிருக்கும்" என்றார். பிறகு கையை அடியில் விட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, விரல் போகிற வழியே போனார். ஒரு இடத்தில் கை நின்றது.

"இங்க வா. உன் கைய வுடு. இதுக்குக் கண்ணு வேணாம்."

கயல்விழி கையை விட்டாள். "ஓஸு சப்பையா இருக்குதுண்ணே!"

கோயம்புத்தூரில் மாட்டிய பெரிய டர்போ பழையதைவிடக் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. அதனால் ஆயில் வடிகிற ஓஸுக்குச் சரிவு போதவில்லை. கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி நடுவில் தொய்ந்து, சூட்டில் இளகி, ஒரு இரும்புப் பட்டையில் நசுங்கிக் கிடந்தது. வண்டி வேகமாகப் போகும்போது புகையின் அழுத்தமே ஆயிலைக் கசியவிடாமல் நெட்டித்தள்ளி வைத்திருந்தது. நின்றுகொண்டு மெதுவாக ஓடும்போது அந்த அழுத்தம் இல்லை. வடிய வழியில்லாத ஆயில் டர்போவுக்குள்ளேயே தேங்கி, சைலன்ஸர் பக்கம் கசிந்து எரிந்தது.

பாலக்கரையில் லேத் வைத்திருக்கும் சாமிதுரையிடம் சொல்லி, ஓஸுக்குப் பதிலாக இரும்புக் குழாயை வளைத்து, நல்ல சரிவோடு ஒரு வடிகுழாய் செய்து வாங்கினார்கள். அதைப் பாவாடைதான் மாட்டினான். மறுநாள் ஸ்டார்ட் செய்தார்கள்.

புகை வந்தது.

கயல்விழி யாரையும் பார்க்கவில்லை. பாவாடை குழாயின் போல்ட்டுகளை மறுபடி தொட்டுப் பார்த்தான்.

"சைலன்ஸருக்குள்ள ஊறிக் கெடக்கற ஆயிலு எரிஞ்சு தீர வேணாமா?" என்றார் தெய்வநாயகம். "ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் ஓட்டிட்டு வாம்மா. பெருமாளையும் பாத்துட்டு வா."

தைரியமாகத்தான் சொன்னார். அவள் போன பிறகு டீ வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலேயே உட்கார்ந்திருந்தார். கேஸ்கெட்டைப் பற்றியும் அவர் இதே தைரியத்தோடுதான் சொல்லியிருந்தார். டீயில் ஆடை கட்டியது. ஒரு ஆட்டோக்காரர் பிரேக் பார்க்க வந்தார். அவரைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கார் திரும்பி வந்து நின்றது. கயல்விழி என்ஜினை அணைக்காமல், சும்மா ஓடவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இத்தனை நேரம் நின்று ஓடினால் முன்பு ரோடே மறைந்திருக்கும். தெய்வநாயகம் எழுந்து போகவில்லை.

"பாவாட, நீ போய்ப் பாரு."

பாவாடை, அண்ணன் உட்கார்கிற இடத்தில், அண்ணன் உட்கார்கிற மாதிரியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மிதிக்கச் சொன்னான். விடச் சொன்னான். அவசரப்படவே இல்லை.

"ஒண்ணுமே இல்லண்ணே."

"எனக்காகச் சொல்லாதடா."

"நெசமா இல்லண்ணே. இருந்தா இருக்குதுன்னு சொல்லிடுவேன்."

கயல்விழி காரை அணைத்துவிட்டு இறங்கினாள். பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து இருவருக்கும் நீட்டினாள். "போறப்ப ராஜேந்திரப்பட்டினம் வரைக்கும் கண்ணாடியில நீலம் தெரிஞ்சிக்கிட்டே வந்துச்சு. வர்றப்ப ரோடு மட்டும்தான் தெரிஞ்சிது" என்றாள். "அப்பாகிட்ட மொதல்ல இதக் காட்டணும். போயிட்டு வரேண்ணே. ஆபரேஷன் அன்னைக்குப் போன் பண்ணுங்க."

ஆபரேஷன் முதலில் வலது கண்ணுக்கு நடந்தது. கண்கட்டைப் பிரித்தபோது, அந்த அறையின் சுவர் அவர் நினைத்திருந்த மாதிரி சந்தன நிறம் இல்லை, சுத்த வெள்ளை. ஜன்னலுக்கு வெளியே வானம் யாரோ அப்போதுதான் தீட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. தெய்வநாயகம் புதுக் கண்ணை மூடி, ஆபரேஷன் ஆகாத கண்ணால் பார்த்தார். எல்லாவற்றின்மேலும் டீயை ஊற்றியது போல இருந்தது. அதை மூடி இதைத் திறந்தார். இதை மூடி அதைத் திறந்தார். இவ்வளவு காலம் டீத்தண்ணிக்குள்ளேயா இருந்தோம் என்று அவருக்கே நம்ப முடியவில்லை.

"என்னாங்க இது, டாக்டரம்மா முன்னாடி கண்ணடிச்சிக்கிட்டு?" என்றாள் சிந்தாமணி. வரிசையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. தண்ணீர் படக்கூடாது என்று நர்ஸ் அதட்டினார்.

இன்னொரு கண்ணுக்கு மாசி கழிந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தெய்வநாயகம் ஒர்க்‌ஷாப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டார். பைக்கைத் தானே ஓட்டுகிறார். கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாமல் போய்விட்டது. அதில் அவருக்கு வருத்தம் இல்லை, டிராயரில் கிடந்ததைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார்.

ஒரு வழக்கம் மட்டும் மாறியிருக்கிறது. வண்டி வந்தால் குழாய்க்குப் பின்னால் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருகிறார்கள். முதலில் பாவாடைதான் சொல்ல வேண்டும். அதுவரை அவர் வாயைத் திறப்பதில்லை. ஆரம்பத்தில் பாவாடை அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். இப்போது பார்ப்பதில்லை.

போன வாரம் ஒரு கரும்பு லாரி வந்தது.

"கருப்புதாண்ணே. ஆனா அடியில நீலம் ஓடுது" என்றான் பாவாடை.

"நீலமா? எங்கடா? எனக்குத் தெரியலியே."

"ஓடுதுண்ணே."

"இந்தக் கண்ணு புதுக் கண்ணுடா."

"இருக்கட்டும்ண்ணே. நீலம் இருக்குது. நீங்க இந்தப் பக்கம் வந்து பாருங்க, அங்க வெயிலு அடிக்குது."

தெய்வநாயகம் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, அவன் காட்டிய பக்கம் போய் உட்கார்ந்தார். லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "யோவ், ரெண்டு பேரும் சேந்து சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்கய்யா, மில்லுல டோக்கன் போயிடும்" என்று கத்தினார்.

"இன்னொரு தடவ மிதிங்க" என்றார் தெய்வநாயகம், புகையிலிருந்து பார்வையை எடுக்காமல்.